ஆற்றில் நிற்கும்போது காதில் எதைக் கேட்கிறீர்கள்?

கேள்வி: ஒஹாயோ மாநிலத்தில் டொலீடோ நகருக்கு அருகே 28 ஆண்டுகளாக வசித்துவருகிறேன். வயது 57. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து குடியரசுக் கட்சிக்கே வாக்களிக்கிறேன். அரசு சிறியதாக இருக்க வேண்டும், கடன் வாங்கிச் செலவழிக்கக் கூடாது, குடும்பமும் வழிபாடும் உழைப்புமே ஒரு சமூகத்தைத் தாங்கி நிற்கின்றன என்பவை என் நம்பிக்கைகள். நான் வாக்களித்த கட்சி வென்றிருக்கிறது. ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. இரவு பன்னிரண்டு மணி வரை அரசியல் பாட்காஸ்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொலம்பஸில் வேலை பார்க்கும் மகள், நன்றியறிதல் நாள் விருந்தில் என்னோடு வாதிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். அதன்பின் சரியாகப் பேசுவதில்லை. முன்பெல்லாம் ஏப்ரல் மாதத்தில் மௌமீ ஆற்றில் இறங்கி மீன் பிடிப்பேன். "அதற்காவது போய் வாருங்கள்" என்கிறார் மனைவி. நாடு இருக்கும் நிலையில் தூண்டிலோடு போய் நிற்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகத் தோன்றுகிறது. கடந்த ஏப்ரலில் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு மூன்று முறை போனேன். திரும்பி வரும்போது கோபம் கூடியிருந்ததே தவிரக் குறையவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஒஹாயோ

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

மற்ற எதையும் பேசுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அரசியல் கருத்துகளுக்கு நான் மருத்துவம் பார்க்கப்போவதில்லை. என் தொழிலில் இருப்பவர்களில் சிலர், வலதுசாரிக் கருத்துடைய ஒருவர் மனக்குழப்பத்தோடு வந்தால் அந்தக் கருத்தையே குழப்பத்துக்குக் காரணமாக எண்ணிவிடுகிறார்கள். அது தவறு, வந்தவருக்குச் செய்யும் அவமரியாதையும்கூட. கடனில் வாழாதே, உழைத்துச் சாப்பிடு, பெரியவர்கள் விட்டுச்சென்றதைப் பத்திரமாக அடுத்தவர் கையில் கொடு என்பவை நீங்கள் அமெரிக்காவில் கற்றுக்கொண்டவையாக எனக்குத் தோன்றவில்லை. வரும்போதே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருப்பீர்கள். தமிழில் உங்களைப் போன்றவர்களைப் 'பழமைவாதி' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதில் ஏளனம் கலந்திருக்கிறது. 'கன்சர்வேடிவ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பது பேணுதல் என்ற பொருள். 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதிய பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க், சமூகம் என்பது இறந்தவர்களும் இருப்பவர்களும் இனிப் பிறக்கப்போகிறவர்களும் சேர்ந்த கூட்டு என்று வாதிட்டார். பேணுதல் என்ற சொல்லை இந்தப் பதில் முழுவதும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கான விடை அதைச் சுற்றியே இருப்பதாக நினைக்கிறேன்.

உங்கள் கட்சி வென்ற பிறகும் ஏன் நிம்மதி இல்லை என்பதை முதலில் பார்ப்போம். கடிதத்தில் நீங்கள் சுருக்கமாகத் தந்திருக்கும் நம்பிக்கைகளை அண்மை நிகழ்வுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடன் வாங்கிச் செலவழிக்கக் கூடாது என்கிறீர்கள்; 2025 அக்டோபரில் நாட்டின் கடன் 38 டிரில்லியன் டாலரைத் தாண்டியது, அதாவது 38 லட்சம் கோடி டாலர். அதே ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரி மசோதா, பத்தாண்டுகளில் பற்றாக்குறையை இன்னும் 3.4 டிரில்லியன் கூட்டும் என்று நாடாளுமன்றத்தின் சொந்த நிதி அலுவலகமே கணக்குச் சொன்னது. அரசு சிறியதாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். 2025 ஏப்ரல் 2 அன்று அறிவிக்கப்பட்ட இறக்குமதி வரிகள், வணிகத்தில் அரசின் கை எவ்வளவு நீளலாம் என்ற கேள்வியை உங்கள் தரப்புக்குள்ளேயே எழுப்பின. உழைப்பால் முன்னேறலாம் என்று நம்புகிறீர்கள். நீங்கள் இந்த நாட்டுக்கு எந்த விசாவில் வந்தீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் வெளிநாட்டுத் திறன் பணியாளர்களுக்கான எச்-1பி விசாவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் ஆணை வந்தபோது உங்களைப் போன்ற எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இந்த முடிவுகளுக்கு ஆதரவாகவும் வலுவான வாதங்கள் உண்டு. தம் ஊர்த் தொழிற்சாலைகள் வெளியேறிப்போன வேதனையைக் கண்ணால் பார்த்த ஒஹாயோக்காரர் ஒருவர், இறக்குமதி வரியும் பேணுதலின் ஒரு வடிவமே என்று சொன்னால், அவரை எளிதில் தள்ளிவிட முடியாது. இந்தச் சண்டை புதிதும் அல்ல. 1987 ஏப்ரலில் உங்கள் கட்சியின் அதிபர் ரேகன் வானொலியில் உயர்ந்த இறக்குமதி வரிகளின் ஆபத்தைப் பற்றி மக்களை எச்சரித்தார். அதே மாதத்தில்தான் ஜப்பானிய மின்னணுப் பொருள்கள் சிலவற்றுக்கு 100 சதவீத வரியும் விதித்தார். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. நான் கவனித்தது வேறு. எதிர்த் தரப்பின் மீது வரும் கோபத்தை நீங்கள் உரக்கச் சொல்லிவிடுகிறீர்கள். உங்கள் தரப்பினர் மீதே வரும் மனத்தாங்கலை, விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது என்ற விசுவாசத்தால், மென்று விழுங்கிவிடுகிறீர்கள். விழுங்கியது செரிக்கவில்லை. யாராவது ஒருவர் இதற்கு விளக்கம் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் நள்ளிரவு வரை அடுத்த பாட்காஸ்ட், அதற்கடுத்த பாட்காஸ்ட் என்று கேட்டுக்கொண்டே போகிறீர்கள். மகள் மேசையில் கேட்ட கேள்வி ஒருவேளை உங்களுக்குள்ளேயே இருந்த கேள்வியாக இருந்திருக்கலாம். எதிராளி கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பீர்கள். பெற்ற பெண் கேட்டதால்தான் குரல் உயர்ந்துவிட்டது. இது என் ஊகம். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி மீன்பிடிப்புக்கு வருகிறேன். நான் மிச்சிகனில் உளவியல் ஆலோசகராக இருப்பவன். ஆறேழு ஆண்டுகளாக ஏப்ரல் மாதத்தில் மாநில எல்லை கடந்து வந்து உங்கள் மௌமீ ஆற்றில் நின்றிருக்கிறேன். எனவே ஓரளவு தெரிந்தே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து ஊரான ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ரேச்சல் கேப்லன், ஸ்டீஃபன் கேப்லன் என்ற தம்பதியர் மனித கவனத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். கவனம் இரு வகைப்படும் என்பது அவர்கள் கொள்கை. ஒன்று, நாம் முயன்று ஒன்றின்மீது நிறுத்திவைப்பது: கணக்குப் பார்ப்பது, வாதம் செய்வது, ஒருவர் பேச்சில் ஓட்டை தேடுவது. இது தசையைப் போலக் களைத்துப்போகும். களைத்தால் எரிச்சல் வரும், பொறுமை போகும். மற்றொன்று தானாக ஈர்க்கப்படுவது: நீரோட்டம், மேகம், இலையசைவு. இது நடக்கும்போது முதல் வகைக் கவனம் ஓய்வெடுத்து மீள்கிறது. 2008-இல் அதே பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மனும் உடன் ஆய்வாளர்களும், சிலரை மரங்கள் நிறைந்த பூங்காவிலும் நகரத் தெருவிலும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் நடக்கவைத்து, எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பூங்காவில் நடந்துவந்த பிறகு அதைத் தெளிவாகவே நன்றாகச் செய்தார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்: குளிர்காலத்தில் நடந்து, அந்த நடையை ரசிக்காதவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆகவே ஆற்றுக்குப் போகும்போது மகிழ்ச்சியாக இருந்தாக வேண்டும் என்று உங்களை நீங்களே வற்புறுத்த வேண்டாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே போகலாம்.

மௌமீயில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மார்ச் கடைசியில் ஈரி ஏரியிலிருந்து வால்ஐ மீன்கள் முட்டையிட ஆற்றின் கூழாங்கல் படுகைகளைத் தேடி ஏறி வரும். காலணியோடு சேர்ந்த மார்பளவு ரப்பர் உடையான வேடர்ஸை மாட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கானவர்கள் தோளுக்குத் தோள் வரிசையாக ஆற்றுக்குள் நிற்பார்கள். நீர் வரும் திசையை நோக்கிச் சற்றுச் சாய்வாக வீசினால் ஈயக்குண்டு அடியில் போய்ச் சேரும்; பிறகு நீர் அதைக் கல்லுக்குக் கல் தட்டிக்கொண்டே இழுத்துச் செல்லும். அந்த டிக், டிக், டிக் நம் ஊரில் தங்கூசி என்று சொல்லும் நைலான் நரம்பின் வழியாக ஆள்காட்டி விரலுக்கு வந்துசேரும். விரல் மரத்துப்போகும் குளிரிலும் அது தெரியும். வால்ஐ பெரும்பாலும் வெடுக்கென்று இழுக்காது. தட்டல் நின்றுபோகும், ஈரத் துணி சிக்கியதைப்போல ஒரு கனம் மட்டும் இருக்கும். கல்லா மீனா என்று அந்த அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். காதில் ஒருவர் தேர்தல் கணக்கை ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது இந்தத் தட்டலைக் கேட்க முடியுமா, ஐயா?

கடந்த ஏப்ரலில் கோபம் கூடித் திரும்பியதற்குக் காரணம் அதுதான் என்று ஐயமில்லாமல் சொல்வேன். நீங்கள் ஆற்றுக்குப் போகவே இல்லை. அதே பாட்காஸ்டைக் குளிர்ந்த நீரில் நின்று கேட்டீர்கள். களைத்த கவனத்துக்கு ஓய்வு கொடுக்கப் போன இடத்திலும் அதையே பூட்டி உழவு ஓட்டினீர்கள்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீன்பிடிப்பும் கைப்பேசியும் மனத்தைப் பிடித்திழுக்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். எப்போது பலன் வரும் என்று தெரியாத வேலையை உயிரினங்கள் விடாமல் செய்யும் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. அடுத்த வீச்சில் மீன் வரலாம். அடுத்த தொடுதலில் பெரிய செய்தி வரலாம். இரண்டும் ஒன்றுபோல இருந்தும் ஒன்று ஆற்றுகிறது, மற்றது அரிக்கிறது. ஏனென்றால் ஆற்றில் எல்லை உண்டு. கை வலிக்கும், கால் விறைக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மௌமீயில் சூரியன் மறைந்த பிறகு தூண்டில் போடச் சட்டம் இடம்தராது. ஒரு நாளைக்கு ஆறு மீன், ஒவ்வொன்றும் குறைந்தது 15 அங்குலம். வாயில் கொக்கி மாட்டாமல் துடுப்பிலோ வயிற்றிலோ மாட்டி வந்த மீனை, எவ்வளவு பெரியதாக இருந்தாலும், திரும்ப விட்டுவிட வேண்டும். அப்படிப்பட்ட பெரிய மீன் ஒன்றை, பார்க்க யாரும் இல்லாதபோதும், குனிந்து தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியை எடுத்து விட்ட முதியவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். மீன் உடனே போகவில்லை; அவர் கைக்குள் இரண்டு மூன்று முறை செவுளைத் திறந்து மூடிய பிறகே வாலை அசைத்தது. அதுவரை அவர் நிமிரவில்லை. தன்னடக்கம் என்று உங்கள் தரப்பு எதைப் போற்றுகிறதோ, அதை அன்று கண்ணால் கண்டேன். கைப்பேசியில் உங்களை நிறுத்தச் சொல்ல அப்படி எதுவும் இல்லை. அங்கே சூரியன் மறைவதே இல்லை.

பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கட்சியின் அதிபர் ஹெர்பர்ட் ஹூவரையே எடுத்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியா மலையில் ரேபிடான் ஆறு தொடங்கும் இடத்தில் தன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி, மீன்பிடி முகாம் ஒன்றை அமைத்து, வார இறுதிகளில் அங்கே போய்த் தூண்டில் போட்டார். 1929 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அங்கே வந்தபோது, இருவரும் விழுந்து கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்து கடற்படைக் குறைப்பைப் பற்றிப் பேசினார்கள். மீன்பிடித்ததால் அவருடைய முடிவுகள் எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் வேண்டாம் என்று எழுதியும், 1930 ஜூனில் ஸ்மூட்-ஹாலி இறக்குமதி வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். 1932-இல் படுதோல்வி அடைந்தார். பொருளாதாரப் பெருமந்தத்தின் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு 30 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து, தன் கொள்கைகளுக்காக வாதாடிக்கொண்டே, வயதான காலத்திலும் மீன் பிடித்துக்கொண்டிருந்து, 1964-இல் தம் 90-ஆம் வயதில் இறந்தார். ஒரு நாட்டின் பழியைச் சுமந்தவருக்கு ஆறு தேவைப்பட்டது. அதனால் அவர் அரசியலை விட்டு ஓடிவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

உங்கள் விஷயத்தில் நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். நீங்கள் நிற்கும் அந்த ஆறே அரசியல்தான், அதுவும் உங்கள் கொள்கைக்கு வேலை இருக்கிற அரசியல். தூண்டில் வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு வரி கட்டுகிறோம். 1950-இல் வந்த சட்டம், மீன்பிடிக் கருவிகள் மீதான 10 சதவீத வரிப் பணம் மீன்வளத்துக்கு மட்டுமே மாநிலங்கள் வழியாகப் போக வழிசெய்தது. 1984-இல் வயோமிங்கின் குடியரசுக் கட்சி செனட்டர் மால்கம் வாலப் போன்றோரின் முயற்சியால் அது விரிவாக்கப்பட்டது. பயன்பெறுகிறவரே கட்டட்டும், கட்டியது வேறெங்கும் போகக் கூடாது என்பதைவிட உங்கள் மனத்துக்கு நெருக்கமான வரி இருக்க முடியுமா? 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் நீலப்பச்சைப் பாசி நஞ்சால் டொலீடோவில் ஏறத்தாழ மூன்று நாள் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் போனது உங்களுக்கு மறந்திருக்காது. அந்தப் பாசிக்குத் தீனி, மௌமீ வழியாக வயல்களிலிருந்து அடித்துவரப்படும் பாஸ்பரஸ். ஒஹாயோ ஆளுநர் மைக் டிவைன், அவரும் குடியரசுக் கட்சிக்காரர், 2019-இல் எச்2ஒஹாயோ என்ற திட்டத்தைத் தொடங்கினார். தாமாக முன்வந்து உரப்பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் விவசாயிகளுக்கு உதவித்தொகை கொடுப்பது அதன் மையம். கட்டாயச் சட்டம் வேண்டுமா, விருப்பத் திட்டம் போதுமா என்ற வாதம் அங்கே இன்றும் நடக்கிறது. மாநிலத்தின் 88 மாவட்டங்களிலும் மண்-நீர்ப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று உண்டு. அதன் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் போகலாம். வாஷிங்டனைப் பற்றி ஐந்து மணி நேரம் கேட்பதால் உங்கள் கருத்து யாரையும் சென்று சேராது. அந்தக் கூட்டத்தில் பக்கத்தில் உட்காரும் சோளம் விதைக்கிறவர் உங்கள் பேச்சுக்குப் பதில் சொல்வார்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். அரசியல் செய்தியைக் காலை உணவுக்குப் பிறகு அரை மணி நேரம் வாசியுங்கள். கேட்பதைவிட வாசிப்பது நல்லது, ஏனென்றால் எழுத்துக்கு முடிவு இருக்கிறது, குரலில் ஏறும் கொதிப்பு அதில் இல்லை. இரவு ஒன்பதுக்கு மேல் எதுவும் வேண்டாம். ஆற்றுக்குப் போகும் நாளில் காரில் வானொலியையும் போடாதீர்கள். கைப்பேசியை நீர்புகா உறையில் இட்டு ஒலியை நிறுத்தி உள்பையில் வையுங்கள், ஆபத்துக்கு மட்டும். இயர்பட்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். முதல் அரை மணி நேரம் தலைக்குள் பழைய வாதங்கள் ஓடும். ஓடட்டும்; மறுப்புச் சொல்லாதீர்கள், ஈயக்குண்டின் தட்டலை எண்ணுங்கள். உங்கள் கொள்கையே உடைய, வாய் காக்கக்கூடிய நண்பர் ஒருவரிடம், நம்மவர்கள் மீது எனக்கு இன்னின்ன வருத்தம் என்று ஒருமுறையாவது முழுவதுமாகச் சொல்லிவிடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் சரியாக வராமல், ஆற்றில் நின்றாலும் எதிலும் பிடிப்பே இல்லை என்றால், அது அரசியலின் எல்லையைத் தாண்டியது. உங்கள் குடும்ப மருத்துவரை நேரில் பாருங்கள். இன்னொன்று, வேடர்ஸின் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டாமல் ஒருபோதும் நீரில் இறங்காதீர்கள். ஏப்ரல் மாத மௌமீ நம் வயதைப் பார்த்து இரக்கப்படாது.

மகளைப் பற்றி. சமாதானம் பேசப் போகாதீர்கள். அன்றைய வாதத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்துவிடுவீர்கள் என்று அஞ்சுகிறேன். அவர் சிறுமியாக இருந்தபோது உங்களோடு ஆற்றுக்கு வந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தாலும் வராவிட்டாலும் இந்த முறை அழையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. இருவரும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாமல் போனவர்கள் அப்படி நின்று பேசியதை என் அறைக்கு வந்தவர்களிடமிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று அரசியல் பேசுவதில்லை என்று ஒப்பந்தமும் போட வேண்டாம்; போட்டால் அதுவே நினைவில் நிற்கும். அவராகப் பேசினால் கேளுங்கள், மறுமொழியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவரை உங்கள் கட்சிக்கு இழுக்கும் வழியாக ஆற்றைப் பயன்படுத்திவிட மட்டும் வேண்டாம், ஐயா. பெண்பிள்ளைகள் அதை உடனே கண்டுகொள்வார்கள்.

மௌமீயின் நீர், வால்ஐ ஏறி வரும் 42 பாரன்ஹைட்டைத் தொட இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் தூண்டில் ராட்டையில் இருக்கும் பழைய தங்கூசியைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள். மகளுக்கும் ஒரு வேடர்ஸ் வாங்க வேண்டியிருக்கும். இன்றிரவு அவரைத் தொலைபேசியில் அழைத்து, காலணி அளவு என்ன என்று மட்டும் கேளுங்கள்.